சிக்கிமுக்கிக் கல்லும் மெத்தை உறைத் துணியும்

நம் சங்க மலருக்கு ஆண்டுதோறும் கட்டுரை வழங்கும் அன்பர்கள் பழந்தமிழ் நூல்களையோ, திருமுறைகளையோ, பிறந்த ஊரின் ஆற்றங்கரையையோ பொருளாகக் கொள்வது வழக்கம். எனக்கு அத்தகைய பயிற்சி இல்லை. ஹூக்ளிக் கரையில் சணல் ஆலை இயந்திரங்களைப் பழுது பார்க்கும் பணிமனை ஒன்றில் 34 ஆண்டுகள் ஃபிட்டராகவும் பின்னர் ஃபோர்மனாகவும் உழைத்தவன் நான். அரமும் மைக்ரோமீட்டரும் என் எழுத்தாணிகள். மலர்க் குழுவினர் வற்புறுத்திய காரணத்தால், 2019ஆம் ஆண்டு மகன் வீட்டில் தங்கியிருந்தபோது, மூன்று மாதம் என் மனத்தை முழுவதும் ஆட்கொண்ட ஒரு பழைய துப்பாக்கியைப் பற்றி எழுதத் துணிகிறேன். சைவ உணவுக் குடும்பத்தில் பிறந்தவன் வேட்டைத் துப்பாக்கியைப் பற்றி எழுதுவதா என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். என் மனைவியும் சுளித்தாள். அதைப் பின்னர்ச் சொல்கிறேன்.

மகன் இருப்பது அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், லங்காஸ்டர் மாவட்டத்தின் ஓரத்திலுள்ள ஒரு சிற்றூர். அந்த மாவட்டத்துக்கும் நீண்ட குழல் துப்பாக்கிக்கும் பழைய உறவு உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டில் ஜெர்மன் நாட்டிலிருந்து வந்து குடியேறிய கொல்லர்கள், தங்கள் ஊரின் குட்டையான தடித்த வேட்டைத் துப்பாக்கியை இந்தக் காட்டுக்கு ஏற்றபடி நீட்டி மெலித்து, குழலின் உட்புறம் திருகு வரி இழைத்து, ஒரு புதிய கருவியையே படைத்தார்கள். பிழைக்க வந்த இடத்தில் பழைய தொழிலைப் புதிய மண்ணுக்கு இசையச் செய்துகொண்டவர்கள் அவர்கள். வெளிமாநிலங்களில் வாழும் நமக்கு அந்தக் கதை அந்நியமானதன்று.

அம்மாநிலத்தில் 1974 முதல் ஒரு வழக்கம் நடந்து வருகிறது. தோட்டாத் துப்பாக்கியுடன் செல்லும் மான் வேட்டைப் பருவம் முடிந்த பிறகு, சிக்கிமுக்கிக் கல்லில் பொறி எழுப்பிச் சுடும் பழைய துப்பாக்கி உடையவர்களுக்கென்று தனியாக ஒரு பருவம் விடுகிறார்கள். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் தொடங்கி ஜனவரியில் முடிகிறது. வாய் வழியாக மருந்தைக் கொட்டி, குண்டை வைத்து, கோலால் கெட்டித்து, ஒரே ஒரு முறைதான் சுடலாம். தவறினால் மறுபடியும் மருந்து, மறுபடியும் குண்டு, மறுபடியும் கோல்.

இதைக் கேட்டபோது எனக்கு நினைவுக்கு வந்தவர்கள் நம் நரிக்குறவர்கள். அம்பாசமுத்திரத்துப் பக்கம் என் சிறு வயதில், அவர்கள் வயல் வரப்பில் குந்தியிருந்து நாட்டுத் துப்பாக்கிக்கு மருந்து கெட்டிப்பதை வேடிக்கை பார்த்திருக்கிறேன். கரிமருந்து, அதன் மேல் தேங்காய் நார்த் தக்கை, அதன் மேல் ரவை, மீண்டும் தக்கை. பள்ளிக்கூடம் கற்பிக்காத ஒரு செய்முறை ஒழுங்கு அவர்கள் கையில் இருந்தது.

பக்கத்து வீட்டுப் பெரியவர் என்னைவிட இரண்டு வயது மூத்தவர். பால் பண்ணை நடத்தி ஓய்ந்தவர். நான் மகனுடைய புல்வெட்டும் இயந்திரத்தைப் பிரித்துப் பரப்பிக்கொண்டிருந்ததைக் கண்டு, வேலிக்கு அப்பாலிருந்து பேச்சுக் கொடுத்தார். பத்து நாளில் நட்பு முற்றிவிட்டது. ஒரு மாலை அவர் தம் கொட்டகைக்கு அழைத்துச் சென்று, சுவரில் மாட்டியிருந்த நீண்ட துப்பாக்கியைக் காட்டினார். பழைய மாதிரியைப் பார்த்துப் பிற்காலத்தில் செய்தது. அரை அங்குல வாய். "போன பருவத்தில் ஒரு பெண் மானைச் சுட்டேன். குதிரையைத் தட்டிவிட்ட பிறகும் மருந்து உடனே பற்றவில்லை. வெடித்தபோது மான் ஓரடி நகர்ந்திருந்தது. குண்டு வயிற்றில் பட்டது. இருட்டும்வரை இரத்தத்தைப் பின்தொடர்ந்தேன். மறுநாளும் தேடினேன். கிடைக்கவில்லை," என்றார். சற்றுப் பொறுத்து, "இந்த ஆண்டு ஐந்து குண்டும் ஒரு தேநீர்த் தட்டுக்குள் விழாவிட்டால், இது இந்தச் சுவரிலேயே இருக்கட்டும். நான் காட்டுக்குப் போகப் போவதில்லை," என்றார்.

மானின் நெஞ்சும் நுரையீரலும் இருக்கும் பகுதி சுமார் எட்டங்குல வட்டந்தான். அதற்குள் குண்டு பாய்ந்தால் மான் விரைவில் விழும். அதற்கு வெளியே பட்டால், மணிக்கணக்கிலோ நாட்கணக்கிலோ துன்புற்று எங்கோ புதரில் மடியும். ஆகவே அந்தப் பெரியவருடைய கவலை விளையாட்டுக் கவலையன்று.

அன்றிரவு வீட்டில் இதைச் சொன்னேன். "உயிரைக் கொல்லுகிற காரியத்துக்கு நீங்க ஏன் துணை போகணும்?" என்று மனைவி கேட்டாள். அவர் எப்படியும் ஒரு நாள் காட்டுக்குப் போகத்தான் போகிறார், சரியாகச் சுடாத துப்பாக்கியோடு போவதைவிடச் சரியாகச் சுடும் துப்பாக்கியோடு போனால் அந்த உயிருக்குத் துன்பம் குறையும் என்றேன். "அவர்தான் போகமாட்டேன் என்று சொல்லியிருக்காரே. நீங்க சரி செய்யாவிட்டால் ஒரு மான் பிழைக்குமே," என்றாள். அந்த வாதத்துக்கு என்னிடம் விடையில்லை. இன்றும் இல்லை. மகன் வேறொரு நிபந்தனை விதித்தான்: "அப்பா, நீங்கள் விருந்தாளியாக வந்திருக்கிறீர்கள். அளந்து பாருங்கள், அரத்தால் தேயுங்கள். சுடுவது மட்டும் அவராகவே இருக்கட்டும்." அது நியாயமான சொல். அப்படியே நடந்தேன்.

அந்நாட்டு மான்களைப் பற்றி இரண்டு வார்த்தை. வெள்ளைவால் மான் அந்த மாநிலத்தின் அரசு விலங்கு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கட்டற்ற வேட்டையாலும் காடழிப்பாலும் அது ஏறக்குறைய அற்றுப்போகும் நிலைக்கு வந்தது. 1895இல் வேட்டை வாரியம் ஏற்படுத்தி, பருவமும் அளவும் வகுத்து, மெல்ல மீட்டார்கள். ஓநாய் முன்பே ஒழிந்துபோன காட்டில் அது பிறகு பல்கிப் பெருகி, வயலை மேய்ந்து, நெடுஞ்சாலையில் வண்டிகளில் அடிபட்டுச் சாகிறது. நம் நாட்டில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் மான் வேட்டை குற்றம். இங்குள்ள நிலைமைக்கு அதுவே பொருத்தம் என்பது என் கருத்து. ஓர் ஊர்ச் சட்டத்தை இன்னோர் ஊருக்கு அளவுகோலாக்குவது சரியன்று.

இனி வேலைக்கு வருவோம். பணிமனையில் என் குருவாக இருந்த வங்காளி மிஸ்திரி ஒருவர் எனக்குச் சொல்லிக் கொடுத்த முதல் பாடம், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும் என்பது. மூன்றை ஒருசேர மாற்றினால் இயந்திரம் ஓடும். எதனால் ஓடிற்று என்று தெரியாது. ஆகையால் பெரியவர் உறுப்பினராக இருந்த சுடுகளத்துக்கு முதல் நாள் சென்றபோது எதையும் தொடாமல், குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு மட்டும் இருந்தேன். பன்னிரண்டு முறை குதிரை விழுந்தது. அதில் ஐந்து முறை உடனே வெடித்தது. மூன்று முறை தயங்கி வெடித்தது. இரண்டு முறை வெளிக்கிண்ணத்து மருந்து மட்டும் பளிச்சென்று எரிந்து, குழலுக்குள் இருந்தது பற்றவேயில்லை. இரண்டு முறை பொறியே எழவில்லை. பற்றாத ஒவ்வொரு முறையும் அவர் துப்பாக்கியை இலக்கின் பக்கமே நீட்டியபடி ஒரு நிமிடத்துக்கு மேல் அசையாமல் நின்றார். உள்ளே கனன்றுகொண்டிருக்கும் மருந்து எப்போது வெடிக்கும் என்று சொல்ல முடியாது. அவருடைய அந்தப் பொறுமையைப் பார்த்த பிறகுதான் இந்த மனிதரோடு வேலை செய்யலாம் என்ற நம்பிக்கை எனக்கு முழுமையாக வந்தது.

இந்தத் துப்பாக்கி சுடும் விதத்தைச் சொல்லிவிட வேண்டும். குதிரையின் வாயில் தோல் துண்டு சுற்றிய சிக்கிமுக்கிக் கல் கவ்வப்பட்டிருக்கும். விசையை அழுத்தினால் குதிரை பாய்ந்து, எதிரே நிமிர்ந்து நிற்கும் எஃகுத் தகட்டைக் கல் சுரண்டும். தகடு பின்னால் மடங்கும்; பொறிகள் அதன் கீழே உள்ள கிண்ணத்தில் விழும். கிண்ணத்தில் நொய்போல் பொடிந்த மருந்து. அது எரியும் தீ, குழலின் பக்கத்திலுள்ள ஊசித் துளை வழியே உள்ளே புகுந்து பெருமருந்தைப் பற்றவைக்கும். கல், எஃகு, கிண்ணம், துளை, உள்மருந்து என்ற இந்த ஐந்தில் எந்த இடத்தில் குறை இருந்தாலும் பலன் ஒன்றேதான். ஆனால் மருந்து வேறு.

பொறி எழாத குறையை முதலில் எடுத்துக்கொண்டோம். கல் புதியது, கூரானது. ஆனால் அதன் விளிம்பு எஃகுத் தகட்டுக்கு இணையாக இல்லாமல் கோணி, ஒரு மூலை மட்டுமே உரசிக்கொண்டிருந்தது. தகட்டின் முகத்தில் கீறல்கள் ஒரு பக்கமே விழுந்திருந்ததிலிருந்து அது தெரிந்தது. குதிரையின் திருகைத் தளர்த்தி, தோலைப் புதிதாக வைத்து, விளிம்பு முழுவதும் ஒருசேரத் தொடும்படி அமைத்தோம். தகட்டை விரலால் தொட்டால் வழவழப்பு. துருவுக்கு அஞ்சிய பெரியவர் துப்பாக்கி முழுவதற்கும் எண்ணெய் பூசுவது வழக்கமாம். எண்ணெய் பூசிய எஃகு எப்படிப் பொறி விடும்? சாராயத்தில் நனைத்த துணியால் துடைத்ததும், மங்கிய கொட்டகையில் பொறிகள் மத்தாப்புப் போல் உதிர்ந்தன. என் பேரன் கைதட்டினான்.

எண்ணெய்தான் அடுத்த குறைக்கும் காரணம். துப்பாக்கியை வாய் மேலாக நிறுத்தி வைப்பதால், குழலில் பூசிய எண்ணெய் மாதக்கணக்கில் மெல்ல இறங்கி, அடியில் ஊசித் துளையருகே தேங்கியிருந்தது. முதலில் போடும் மருந்து அதில் ஊறிப்போகும். பிறகு எத்தனை பொறி விழுந்தாலும் என்ன? முந்தின இரவே வாயைக் கீழாக வைத்து எண்ணெயை வடித்து, காலையில் சாராயத் துணியைக் கோலில் சுற்றி, உலர்ந்து வரும்வரை துடைத்தோம். துளையின் உள்ளேயும் பழைய கரி அடைந்து கிடந்தது. துளைக்குள் கரியோ மருந்தோ அடைந்திருந்தால் தீ பாய்ந்து செல்லாமல் திரிபோல் எரிந்து செல்கிறது; தயங்கி வெடிப்பது அதனால்தான். ஒவ்வொரு முறையும் மெல்லிய கம்பியால் துளையைக் குத்தித் தூர்வாரினோம். மறு வாரம் இருபது முறை சுட்டதில் பத்தொன்பது முறை தயக்கமின்றி வெடித்தது. தவறிய ஒன்று கல் மழுங்கியதால்.

பற்றுவது சரியாயிற்று, குறி சரியாகவில்லை. 50 கஜத்தில் மணல் மூட்டையின் மேல் சாய்த்துச் சுட்டும் குண்டுகள் பத்தங்குல அகலத்தில் சிதறின. பெரியவர் தம் கண்ணைக் குறை சொன்னார். நான் அதை ஒப்பவில்லை. சுட்ட பிறகு எதிரே புல்லில் விழுந்து கிடக்கும் துணித் துண்டுகளைப் பொறுக்கி வரும்படி, களம் ஓய்ந்த நேரத்தில், பேரனோடு போனேன்.

அந்தத் துணியைப் பற்றி நான் எவ்வளவு எழுதினாலும் தகும். ஈய உருண்டையின் விட்டம் குழலின் விட்டத்தைவிட ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் பத்துப் பங்கு குறைவு. அந்த இடைவெளியை நிரப்புவது, கொழுப்புப் பூசிய ஒரு வட்டத் துணி. திருகு வரியின் பள்ளங்களைக் கவ்விப் பிடித்து உருண்டையைச் சுழலச் செய்வதும், பின்னாலிருந்து வரும் தீயை முன்னேறவிடாமல் அடைப்பதும் அந்தத் துணிதான். சுட்ட துணி நடுவில் வட்டக் கரியோடு, ஓரம் மட்டும் சற்றுப் பிய்ந்து, முழுசாக இருக்க வேண்டும். நாங்கள் பொறுக்கியவை ஒவ்வொன்றும் நடுவில் எரிந்து ஓட்டையாகியிருந்தன.

பெரியவர் பழைய படுக்கை விரிப்பைக் கிழித்துப் பயன்படுத்தியிருந்தார். மைக்ரோமீட்டரில் அதன் கனம் ஆயிரத்தில் பத்து. மேட்டுக்கும் உருண்டைக்கும் உள்ள இடைவெளி ஒரு பக்கம் ஐந்து. பள்ளத்தின் ஆழம் பத்து. ஆகப் பள்ளத்தின் அடிவரை பதினைந்து. பத்துக் கனத் துணி பதினைந்தை எப்படி அடைக்கும்? நூலும் நெசவும் சூழ்ந்த இடத்தில் 34 ஆண்டுகள் வாழ்ந்தவன், அமெரிக்காவில் ஒரு துணிக்கடையில் நின்று ஒவ்வொரு சுருளையும் கிள்ளிப் பார்த்ததைக் கண்டு விற்பனைப் பெண் என்ன நினைத்தாளோ! கோடு போட்ட மெத்தை உறைத் துணி, நெருக்கமான நெசவு, கனம் பதினெட்டு. அரைக் கஜம் வாங்கினோம். அடுத்த நாள் பொறுக்கிய துணிகளை அப்படியே துவைத்துத் திரும்பப் பயன்படுத்தலாம் போலிருந்தது. சிதறல் பத்தங்குலத்திலிருந்து நாலரை அங்குலமாகச் சுருங்கியது.

துணிக்குப் பூசும் கொழுப்பு ஆட்டுக் கொழுப்பும் தேன்மெழுகும் கலந்தது. அதைப் பெரியவர் டப்பாவிலிருந்து விரலால் வழித்தபோது, எனக்கு இச்சாப்பூர் நினைவு வந்தது. நாங்கள் குடியிருக்கும் அந்த ஊரில் 1787இல் கம்பெனியார் வெடிமருந்து ஆலை நிறுவினார்கள். அதே இடத்தில் 1904இல் துப்பாக்கி ஆலை வேலையைத் தொடங்கியது. பீகார் மண்ணில் காய்ச்சி எடுத்த வெடியுப்பு இந்த ஆற்று வழியேதான் கப்பலேறி ஐரோப்பாவின் போர்களுக்குப் போயிற்று. கரிமருந்தில் நான்கில் மூன்று பங்கு அந்த உப்பே. 1857இல் சிப்பாய்களிடம் கொடுத்த என்ஃபீல்டு துப்பாக்கியும் வாய்வழியே கெட்டிப்பதுதான். அதன் காகிதத் தோட்டாவில் பூசியது பசுக் கொழுப்பு, பன்றிக் கொழுப்பு என்ற பேச்சு டம்டம்மில் கிளம்பி, பாரக்பூரில் மார்ச் 29 அன்று மங்கள் பாண்டேயின் துப்பாக்கியாய் வெடித்தது. என் வீட்டிலிருந்து பாரக்பூர் சில கல் தொலைவு. உலோகம் உராயும் இடத்தில் ஏதோ ஒரு பசை வேண்டியிருக்கிறது. அது யாருடைய கொழுப்பு என்ற கேள்வியில் ஒரு பேரரசே ஆட்டங்கண்டது. பெரியவருக்கு இதைச் சொன்னேன். மறுநாள் எனக்காக ஆலிவ் எண்ணெயும் தேன்மெழுகும் காய்ச்சி ஒரு டப்பா தனியே கொண்டுவந்தார். சுடுவது அவர், சாப்பிடுவதும் அவர். எனக்கு எதற்கு என்று சிரித்தேன். ஆனால் அவர் கடைசிவரை அதையே பயன்படுத்தினார்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மருந்தின் அளவை 60, 70, 80, 90 கிரெயின் என்று மாற்றி, ஒவ்வொன்றுக்கும் ஐந்து குண்டு சுட்டதில் 70 நெருக்கமாக விழுந்தது. மிகுதியான மருந்து ஓசையைத்தான் பெருக்கியது. ஒவ்வொரு வெடிக்கும் பிறகு ஈரத் துணியால் கரியைத் துடைத்தோம். குண்டு மருந்தின் மேல் இடைவெளியின்றி அமர்ந்ததா என்று அறியக் கோலில் ஒரு கோடு கீறினோம். பாதியில் நின்ற குண்டு குழலையே பிளக்கக்கூடும். பின் குறிப்பள்ளம் தன் பொருத்தில் ஆடிக்கொண்டிருந்ததைக் கட்டைவிரல் நகத்தால் கண்டுபிடித்தேன். மெல்லிய பித்தளைத் தகடு ஒன்றைக் கீழே செருகி இறுக்கியபின் ஐந்து குண்டுகள் இரண்டரை அங்குலத்துக்குள் வந்தன.

ஆனால் அந்தக் கூட்டம் முழுவதும் மையத்துக்கு மூன்றங்குலம் கீழே, இரண்டங்குலம் வலப்புறமாக இருந்தது. இது குறையன்று, குறியைத் திருத்துவதற்கு உரிய நிலை. குண்டுகள் ஒன்றுகூடி விழாதவரை குறிமுள்ளைத் திருத்துவது வீண். பின் குறிப்பள்ளத்தைக் குண்டு போக வேண்டிய திசையில் நகர்த்த வேண்டும். முன் குறிமுள்ளோ இதற்கு நேர்மாறு. அதைக் குறைத்தால் குண்டு மேலேறும். இரண்டு குறிகளுக்கும் இடையே 30 அங்குலம். இலக்குக்கு 1,800 அங்குலம். மூன்றை முப்பதால் பெருக்கி ஆயிரத்து எண்ணூறால் வகுத்தால், அங்குலத்தில் இருபதில் ஒரு பங்கு. முன் குறிமுள்ளில் அவ்வளவு தேய்க்க வேண்டும். தேய்த்த உலோகத்தைத் திரும்ப ஒட்ட முடியாது. ஆகையால் முதலில் பாதிக்கும் குறைவாக அரமிட்டேன், அவர் சுட்டார், மீண்டும் சிறிது, மீண்டும் சுட்டார். நான்காவது தடவையில் குண்டுகள் மையத்தில் அமர்ந்தன. பெரியவர் இலக்குத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் பேசவில்லை.

எனக்கு இன்னும் நிறைவில்லை. சுடுகளத்தில் ஐந்து குண்டை அடுத்தடுத்துச் சுடுகிறோம். குழல் சூடாகவும் கரி படிந்தும் இருக்கிறது. காட்டில் உண்டானது ஒரே குண்டு; அதுவும் குளிர்ந்த, சுத்தமான குழலிலிருந்து. அது எங்கே விழும்? ஐந்து நாள், நாளுக்கு ஒரு முறை, காலைக் குளிரில் ஒரே ஒரு குண்டு சுட்டு வீடு திரும்பினோம். ஐந்தையும் ஒரே தாளில் சுட்டோம். கூட்டம் மூன்றங்குலம். பிறகு மூட்டையை விட்டு, மண்டியிட்டுச் சுட்டதில், அறுபது கஜத்துக்கு அப்பால் தம் கை நடுங்குவதைப் பெரியவரே கண்டுகொண்டார். "அறுபது. அதற்கு மேல் எவ்வளவு பெரிய மான் நின்றாலும் குதிரையை ஏற்றமாட்டேன்," என்றார். அந்த எண்ணை நான் குறிப்பேட்டில் எழுதி அடிக்கோடிட்டேன்.

டிசம்பர் 26 விடியுமுன் அவர் வண்டி கிளம்பும் ஒலி கேட்டது. மனைவி விழித்துக்கொண்டு படுத்திருந்தாள், ஒன்றும் சொல்லவில்லை. மாலையில் வெறுங்கையோடு வந்தார். தொண்ணூறு கஜத்தில் இரண்டு மான்கள் கால் மணி நேரம் மேய்ந்தனவாம். பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு வந்தாராம். அதை நான் வீட்டில் சொன்னபோது, மனைவி முதன்முறையாக அவரைப் பற்றி விசாரித்தாள். அன்றிரவு ஒரு பாத்திரத்தில் மிளகு ரசம் கொடுத்தனுப்பினாள். ஜனவரி முதல் வாரத்தில் ஒரு நாள் அவர் வேலியருகே வந்து, நாற்பது கஜம், ஒரே குண்டு, இருபது அடி கூட ஓடவில்லை என்று சொல்லித் தொப்பியைக் கழற்றினார். நான் அதை மனைவியிடம் சொன்னேன். அவள் விளக்கேற்றப் போய்விட்டாள்.

ஊர் திரும்பும் முன் என் குறிப்பேட்டின் அந்தப் பக்கங்களைக் கேட்டு வாங்கிக்கொண்டார். எல்லாம் தமிழில் இருக்கிறதே, ஆங்கிலத்தில் எழுதித் தருகிறேன் என்றேன். எண்கள் புரிகின்றன, அது போதும் என்றார். கொட்டகையில் துப்பாக்கி மாட்டிய ஆணிக்குக் கீழே, துணியின் கனம், மருந்தின் அளவு, எண்ணெய் வடிக்கும் முறை, அடிக்கோடிட்ட அறுபது எல்லாம் என் கிறுக்கல் எழுத்தில் இன்றும் ஒட்டியிருப்பதாக மகன் சொல்கிறான்.